ரேஞ்ச் ரோவர் வெளியே வெறும் பெட்டி மாதிரி இருக்கிறதே, அவ்வளவு விலைக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். ஷோரூமில் ரேஞ்ச் ரோவர் லாங் வீல்பேஸ், அதாவது முன்பின் சக்கரங்களுக்கு நடுவே நீளம் கூடிய ரகம், பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கதவில் ஒரு கோடு இல்லை, கைப்பிடி வெளியே தெரியவில்லை, பின்னால் விளக்கே இல்லாத மாதிரி இருந்தது. இதில் பாதி விலைக்கு வருகிற வண்டிகளே கண்ணைப் பறிக்கின்றன. அப்படியிருக்க இதன் வெளிப்புறத்தில் காசு எதற்குப் போகிறது? கதவு, டிக்கி, காற்றால் வண்டியை ஏற்றி இறக்கும் ஏர் சஸ்பென்ஷன் வசதிகளெல்லாம் நிஜமாகவே பயன்படுமா? அம்மாவுக்கு முட்டி வலி, அவர்களால் ஏறி இறங்க முடியுமா?

நான் இருபத்திரண்டு வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் வேலையில் இருக்கிறேன். கடந்த சில வருடங்களாக அலுமினிய பாடி வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அதனால் இன்ஜின் பக்கம் போகாமல், கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்றுமே இல்லை என்று நீங்கள் பார்த்துவிட்டு வந்த இடங்களில்தான் காசு போயிருக்கிறது.

பெயிண்ட் முடிந்த வண்டியை வெளியே அனுப்புமுன் எங்கள் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. நீளமான டியூப் லைட்டைக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்போம். அதன் பிம்பம் கதவின் மேல் ஓடும். பிம்பம் ஒழுங்காக வழுக்கிக்கொண்டு போனால் பேனல் சரி. ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பட்டி கூடியிருக்கிறது, அல்லது சொட்டை மிச்சம் இருக்கிறது. கதவின் நடுவில் கூர்மையான மடிப்புக் கோடு உள்ள வண்டியில் பிம்பம் அந்தக் கோட்டிலேயே முறிந்துவிடும். அதனால் சின்னக் குறைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். மடிப்பு தகட்டுக்கு விறைப்பும் தருகிறது; மெல்லிய தகட்டை மடித்துவிட்டால் அமுக்கினாலும் குழியாது. கோடுகள் நிறைய உள்ள வண்டியைத் தயாரிப்பது ஒருவகையில் சுலபம் என்று நான் சொல்வது அதனால்தான். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான கதவை ஒரு கோடுகூட இல்லாமல், லேசான வளைவோடு மட்டும் விட்டுவிட்டால் தகட்டில் எந்தத் தப்பும் ஒளிய இடமில்லை. அச்சு சரியாக இருக்க வேண்டும், தகடு சரியாக இருக்க வேண்டும், பெயிண்ட் சரியாக இருக்க வேண்டும். அடுத்தமுறை ஷோரூம் போகும்போது கறுப்பு நிற வண்டியின் பின்மூலையில் குனிந்து நின்று, கூரை விளக்குகளின் பிம்பம் பின்கதவிலிருந்து முன்கதவு வழியாக பானெட் வரை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கதவு இடைவெளியைத் தாண்டும்போதுகூட அந்த வெளிச்சக் கோடு இறங்காமல் ஏறாமல் போக வேண்டும்.

இந்த எளிமை இன்று நேற்று வந்ததல்ல. 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் ஸ்பென் கிங், கோர்டன் பாஷ்ஃபோர்டு என்ற இரண்டு பொறியாளர்கள், வயலிலும் ஓட வேண்டும், நெடுஞ்சாலையிலும் சொகுசாகப் போக வேண்டும் என்று ஒரு வண்டியைத் தொடங்கினார்கள். சக்கரம் எங்கே, இன்ஜின் எங்கே, ஆட்கள் எங்கே என்று முதலில் வைத்துவிட்டு, அதற்கு மேல் தகட்டைப் போர்த்தியது போலத்தான் மாதிரி வண்டியின் உடம்பு வந்தது. ஸ்டைலிங் பிரிவுத் தலைவர் டேவிட் பேச் கைக்கு அது போனபோது அவர் அடிப்படை வடிவத்தை மாற்றவில்லை. கிரில், விளக்குகள், ஓரங்கள் என்று செதுக்க வேண்டிய இடங்களை மட்டும் செதுக்கினார். வடிவம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொள்கிற பக்குவம் எல்லா டிசைனருக்கும் வராது. அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

1970 ஜூன் 17 அன்று அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. இரண்டே கதவு. உள்ளே வினைல் இருக்கை, ரப்பர் தரை. சேறானால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளலாம். அடுத்த வருடமே பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில், தொழில்துறை வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக அதைக் காட்சிக்கு வைத்தார்கள். நான்கு கதவுகள் கம்பெனியிலிருந்தே வர 1981 ஆயிற்று.

அன்றைய வண்டியில் இருந்த மூன்று விஷயங்கள் இன்றைய வண்டியிலும் அப்படியே இருக்கின்றன. முதலாவது பானெட். சாதாரண வண்டியில் பானெட், முன்சக்கரங்களுக்கு மேலிருக்கும் ஃபெண்டர் தகடுகள் இரண்டுக்கும் நடுவே உட்காரும், இடைவெளி மேலேயே தெரியும். ரேஞ்ச் ரோவரில் அது சம்புடத்தின் மூடி மாதிரி ஃபெண்டர்கள்மேல் கவிழ்ந்து உட்காரும். இடைவெளி பக்கவாட்டுக்குப் போய், கதவின் மேல் விளிம்போடு ஒரே கோடாகச் சேர்ந்துகொள்ளும். நீங்கள் கோடு என்று கவனிக்காமல் விட்ட ஒரே கோடு அதுதான். இதைச் சரியாக உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறையாவது பானெட் கழற்றி மாட்டியவர்களுக்குத் தெரியும். அகலமான மூடி, ஒரு மூலையில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் எதிர்மூலை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, கூரை. ஜன்னல் தூண்கள் எல்லாம் கறுப்பு என்பதால் கூரை தனியாக மிதப்பது போலத் தெரியும். மூன்றாவது, மேலும் கீழுமாக இரண்டாகத் திறக்கும் டிக்கி. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது ஐந்தாம் தலைமுறை. ஜெர்ரி மெக்கவர்ன் தலைமையில் வடிவமைத்து, 2021 அக்டோபர் 26 அன்று லண்டனில் ராயல் ஆப்ரா ஹவுஸில் அறிமுகப்படுத்தினார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்னோக்கி இறங்கும் கூரைக் கோடு, நடுவில் ஏறாமல் இறங்காமல் ஓடும் இடுப்புக் கோடு, பின்னால் லேசாக மேலேறும் அடிக்கோடு என்று மூன்றுதான் தெரியும். பின்பகுதி மேலிருந்து பார்த்தால் படகின் பின்பக்கம் மாதிரிக் குறுகுகிறது. காற்றுக்கு அது உதவுகிறது. காற்று வண்டியை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் இழுவைக் குணகம் 0.30 என்று கம்பெனி சொல்கிறது; குறையக் குறைய நல்லது. இத்தனை உயரமும் நிமிர்ந்த முகமும் உள்ள வண்டிக்கு அது மிக நல்ல எண்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் இப்போதைய காரின் கதவில், கண்ணாடி இறங்கும் இடத்தைப் பாருங்கள். தகடு முடிகிற விளிம்பில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை, சிலவற்றில் அதன்மேல் ஒரு குரோம் பட்டை இருக்கும். நாங்கள் கண்ணாடி பீடிங் என்போம். கண்ணாடியைத் துடைத்தபடியே மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. வெயிலில் முதலில் கெட்டுப்போவதும் அதுதான். நாலைந்து வருடத்தில் வெளுக்கும், முனையில் சுருங்கும், கடைசியில் ஓரம் வெடிக்கும். ரேஞ்ச் ரோவரில் வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பட்டையே இல்லை. கதவுத் தகட்டின் மேல் விளிம்பு உருண்டையாக உள்ளே வளைந்து கண்ணாடியைத் தொடுவது போல முடிகிறது. ரப்பர் அதற்கு அடியில், பார்வைக்கு மறைவாக இருக்கிறது. ஆள்காட்டி விரலைக் கதவிலிருந்து மேலே கண்ணாடிக்கு ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடம் விட வேண்டுமானால், கண்ணாடி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆடாமல் ஒரே பாதையில் போக வேண்டும். அதற்குக் கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும் சட்டமும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். பார்ப்பவர் யாரும் இதைக் கவனித்துப் பாராட்டப் போவதில்லை. ஆனாலும் செய்திருக்கிறார்கள். அதற்குத்தான் காசு.

கூரையிலும் இதே கதை. பெரும்பாலான வண்டிகளில் கூரைத் தகடும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அதை ரப்பர் பட்டையால் மூடியிருப்பார்கள். இங்கே லேசர் வெல்டிங் செய்து அந்தப் பள்ளத்தையே எடுத்துவிட்டார்கள்.

பின்விளக்கு நீங்கள் சொன்னது போலவே அணைந்திருக்கும்போது தெரியாது. பின்புறம் செங்குத்தாக இறங்கும் பளபளப்பான கறுப்புப் பட்டைகளுக்குள் விளக்குகள் இருக்கின்றன. பிரேக் மிதித்தால், இண்டிகேட்டர் போட்டால்தான் சிவப்பும் ஆரஞ்சும் உள்ளிருந்து வெளியே வரும். ஷோரூமில் ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள், அழகு. ஆனால் ஒன்று. அந்தப் பளபளப்புக் கறுப்புப் பரப்பு மிகச் சீக்கிரம் கோடு விழுகிற பொருள். காலையில் தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தால் ஒரே மாதத்தில் சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும். வீட்டில் வண்டி கழுவும் தம்பியிடம் அந்த இடத்தை முதலில் தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். முடிந்தால் வண்டி எடுத்த வாரமே அந்த இடத்துக்கு மட்டுமாவது பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள்.

கைப்பிடிகள் உள்ளே அமுங்கியிருக்கும்; சாவியோடு நெருங்கினால் வெளியே வரும். காற்று உரசல் குறையும் என்பது உண்மைதான், ஆனால் கைப்பிடி மட்டும் செய்கிற வித்தியாசம் சிறியது. முக்கியக் காரணம் அழகு என்றே நான் நினைக்கிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். என் வாடிக்கையாளர் ஒருவர், வேறொரு கம்பெனி வண்டி வைத்திருப்பவர், கல்யாண மண்டப வாசலில் இரவு பத்து மணிக்கு நின்றுகொண்டு போன் செய்தார். சாவியின் பேட்டரி தீர்ந்துபோய் கைப்பிடி வெளியே வரவில்லை. குழந்தையின் மருந்துப் பை காருக்குள். ரிமோட்டின் பக்கத்திலிருக்கும் சின்னப் பித்தானை அமுக்கி உள்ளேயிருக்கும் இரும்புச் சாவியை எடுக்கச் சொல்லி, கைப்பிடி மூடிக்குள் சாவித்துளை எங்கே இருக்கிறது என்று போனிலேயே வழிகாட்டினேன். கால்மணி நேரம் ஆயிற்று. வண்டி வாங்கி இரண்டு வருடமாகியும் அவருக்கு யாரும் அதைக் காட்டித் தரவில்லை. எந்த வண்டியானாலும் டெலிவரி எடுக்கும் அன்றைக்கே, சாவி பேட்டரி செத்தால் எப்படித் திறப்பது, வண்டி பேட்டரி செத்தால் உள்ளிருந்து எப்படித் திறப்பது என்ற இரண்டையும் உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். வீட்டில் ஓட்டுகிற எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். 2025-இல் சீன அரசு வெளியிட்ட விதி முன்வரைவு, மின்சாரம் போனாலும் கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இயந்திர வழியில் திறக்க முடிய வேண்டும் என்று கேட்டது. விபத்துக்குப் பிறகு கதவைத் திறக்க முடியாமல் போன சம்பவங்கள்தான் அதற்குக் காரணம். நம் ஊர் வாங்குபவர்களும் இதை ஷோரூமில் கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

கதவை மெதுவாகச் சாத்தினால் மீதியைத் தானே இழுத்து மூடிக்கொள்ளும் வசதி உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். பெரிய கதவு, நல்ல கனம். ஓங்கிச் சாத்த வேண்டியதில்லை. மோட்டாரே கதவை முழுவதும் திறந்து மூடும் வசதியும் மேல் ரகங்களில் உண்டு. பக்கத்தில் சுவரோ ஆளோ இருந்தால் சென்சார் பார்த்து நின்றுவிடும். நன்றாக வேலை செய்கிறது, ஆனாலும் இதற்காக ஒரு ரகம் மேலே போக வேண்டாம்.

இப்போது அம்மா.

முட்டி வலி உள்ளவர்களுக்கு உயரமான வண்டி ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. தாழ்ந்த செடான் காரில் உட்காரும்போது முட்டி முழுவதும் மடங்குகிறது. எழும்போது உடம்பின் கனத்தை அந்த மடங்கிய முட்டியே தூக்க வேண்டும். வலி அங்கேதான் அதிகம். உயரமான எஸ்யூவியில் ஒரு படி ஏறுகிற சிரமம் மட்டும். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி வைத்துவிடலாம். ஆக, வண்டி உயரம் எவ்வளவு என்பதைவிட, இருக்கையின் விளிம்பு உங்கள் அம்மாவின் இடுப்புக்கு நேராக வருகிறதா என்பதுதான் கேள்வி. ரேஞ்ச் ரோவரின் ஏர் சஸ்பென்ஷன், நிறுத்தி இறங்கும்போது வண்டியை 50 மி.மீ. வரை தாழ்த்திவிடும். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆறேழு அங்குல மாடிப்படியிலேயே இரண்டு அங்குலம் குறைவது முட்டி வலிக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அம்மா ஐந்தடிக்கும் குறைவான உயரம் என்றால் தாழ்த்திய பிறகும் கொஞ்சம் எட்டித்தான் ஏற வேண்டியிருக்கும். அப்போது கதவைத் திறந்தால் வெளியே வந்து, மூடினால் உள்ளே போகிற பக்கப் படியைச் சேர்த்து வாங்குங்கள். நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் படி வேண்டாம். அதில் நின்று ஏற இடம் குறைவு. சேலை கட்டியவர்கள் நேராகத் தரையில் இறங்கும்போது கெண்டைக்காலில் இடித்து, சேலையிலும் சேறாகும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று அவர்களுக்குப் பழக்கிவிடுங்கள். மாடிப்படிக்கும் இதே முறைதான்.

அதே ஏர் சஸ்பென்ஷன்தான் மேலே தூக்கவும் செய்கிறது. கரடுமுரடான இடத்தில் தரை இடைவெளி 295 மி.மீ. வரை போகும். 900 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்பது கம்பெனி கணக்கு. அது ஓடாத தண்ணீருக்கு, மெதுவாக ஓட்டினால். வெள்ளம் இழுக்கிற இடத்தில் அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் தானாகவே 16 மி.மீ. தாழ்ந்து காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ளும். இவ்வளவையும் செய்வது ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரத்திலும் இருக்கும் காற்று நிரம்பிய ரப்பர் பைகள். ரப்பர் என்றால் அதற்கு ஆயுள் உண்டு. மூன்று நான்கு வருடம் கழித்து, காலையில் வண்டி ஒரு மூலையில் மட்டும் சாய்ந்து நின்றால் அங்கே காற்று கசிகிறது என்று பொருள். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போய்விடும். சாய்வைப் பார்த்த அன்றைக்கே காட்டிவிட்டால் செலவு ஒன்றோடு நிற்கும்.

டிக்கிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மேல்பாதி மேலே திறக்கும், கீழ்ப்பாதி பலகை மாதிரி வெளியே இறங்கும். இரண்டுக்கும் மோட்டார் உண்டு. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் குதிரைப் பந்தயம், விவசாயக் கண்காட்சி என்று போகிறவர்கள் வண்டியைப் புல்வெளியில் பின்பக்கமாக நிறுத்தி, அந்தப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது பழைய வழக்கம். இன்றைய வண்டியில் அதற்கென்றே தோல் மெத்தையும் முதுகுக்குச் சாய்மானமும், தனி விளக்கும் ஸ்பீக்கரும் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்கிறார்கள். எனக்கு அந்த மெத்தையில் ஆர்வமில்லை. வெறும் பலகையே போதும், அவ்வளவு உபயோகம். ஷூ மாட்ட உட்காரலாம். மழையில் மேல்பாதி குடை மாதிரி நிற்கும். மேல்பாதியை மட்டும் திறந்தால் உள்ளேயிருக்கும் தேங்காயும் பழமும் உருண்டு காலில் விழாது. குறை ஒன்றுதான்: கீழ்ப்பாதி இறங்கியிருக்கும்போது உள்ளே ஆழத்தில் இருக்கும் பையை எடுக்கப் பலகையைத் தாண்டிக் குனிய வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு அது சிரமம். டிக்கிக்குள்ளிருக்கும் பொத்தானால் பின்பகுதியைத் தாழ்த்திக்கொண்டால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

அளவு விஷயத்தில் கட்டாயம் டேப் எடுங்கள். நீங்கள் பார்த்த லாங் வீல்பேஸ் 5,252 மி.மீ. நீளம், அதாவது பதினேழேகால் அடி. பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளை விரித்தால் அகலம் 2,209 மி.மீ., மடக்கினால் 2,047. வீட்டு கேட் எட்டடி என்றால் கண்ணாடி விரித்தபடி பக்கத்துக்கு நாலரை அங்குலம்தான் மிஞ்சும். ஏழடி கேட் என்றால் கண்ணாடியை மடக்கினாலும் பக்கத்துக்கு நாலு சென்டிமீட்டர். அதில் தினமும் நுழைவது நடக்காது. லாங் வீல்பேஸில் கூடுகிற 200 மி.மீ. பின்சீட்டுக்குத்தான் போகிறது, நல்லதுதான். ஆனால் பின்கதவும் நீளம். அதை முழுவதும் திறக்கப் பக்கத்தில் இடம் வேண்டும். அம்மா வசதியாக இறங்கக் கதவு முழுவதும் திறக்க வேண்டும். கேட், கார் நிற்குமிடம், கதவு திறக்குமிடம் மூன்றையும் அளந்துவிட்டே முடிவெடுங்கள்.

இத்தனை நீளத்தை நம் தெருக்களில் திருப்ப முடிகிறதென்றால் அதற்குப் பின்சக்கரத் திருப்பம்தான் காரணம். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் 7.3 டிகிரி வரை திரும்பும். வேகத்தில் அதே திசையில் லேசாகத் திரும்பி வண்டியை நிலையாக வைத்திருக்கும். சாதாரண வீல்பேஸ் வண்டியின் திரும்பும் வட்டம் 11 மீட்டருக்கும் உள்ளே அடங்குகிறது. ஓட்டிப் பார்க்கும்போது மறக்காமல் ஒரு யூ டர்ன் போடுங்கள்.

முன்விளக்கு பற்றி ஒரு வரி: மேல் ரகங்களில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் 12 லட்சம் நுண்கண்ணாடிகள் இருக்கின்றன, எதிரே வருகிறவர் மேல் மட்டும் வெளிச்சம் படாமல் வெட்டிவிடும். இரவில் அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் அது உண்மையான உதவி. 23 அங்குல வீலை மட்டும் தொடாதீர்கள். படத்தில் அழகு. டயரின் பக்கச்சுவர் மெல்லிசு. ஒரு நல்ல பள்ளத்தில் டயர் வெடிக்கும், அல்லது ரிம் வளையும். கிடைக்கிறதில் சிறிய வீலை எடுங்கள், மெத்தென்றும் போகும்.

வாங்கிய பிறகு நீங்கள் மறக்கக்கூடாத ஒன்று, இது அலுமினிய உடம்பு. 2012-இல் வந்த நான்காம் தலைமுறையிலேயே சட்டத்தோடு சேர்த்து முழு பாடியையும் அலுமினியமாக்கினார்கள். எஸ்யூவியில் அதுதான் முதல்முறை. முந்தைய வண்டியைவிட 420 கிலோ வரை எடை குறைந்தது. ஆனால் அலுமினியத்தில் சொட்டை எடுப்பது வேறு வித்தை. இரும்புத் தகடு தட்டினால் பழைய இடத்துக்கு வர முயலும். அலுமினியம் நீண்டுவிட்டால் நீண்டதுதான், அவசரப்பட்டுத் தட்டினால் வெடிக்கும். சூடு கூடினால் பலம் போய்விடும். பாகங்களைப் பெரும்பாலும் ரிவெட்டாலும் பசையாலும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் வழக்கமான ஸ்பாட் வெல்டிங் உதவாது. இரும்பு வேலைக்கு வைத்த சுத்தியலையும் உரசும் தாளையும் இதற்குப் பயன்படுத்தினால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, பெயிண்டுக்கு அடியிலேயே அரிக்க ஆரம்பிக்கும். ஆறு மாதம் கழித்து பெயிண்ட் கொப்புளமாக எழும்பும். நாங்கள் அலுமினியத்துக்கென்று தனி அறை, தனி ஆயுதம் வைத்திருப்பது அதற்குத்தான். சின்னச் சொட்டைதானே என்று தெருமுனைப் பட்டறையில் விடாதீர்கள். அலுமினியத்துக்குத் தனி இடம் இருக்கிறதா என்று கேட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டே விடுங்கள்.

விலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரேஞ்ச் ரோவரைத் தயாரிக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா மோட்டார்ஸ் 2008-இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது. இருந்தாலும் நீங்கள் பார்த்த பெரிய ரேஞ்ச் ரோவர் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையிலிருந்துதான் நம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 2024-இல்தான் அதைப் புனேயில் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். அந்த அறிவிப்பின்போது லாங் வீல்பேஸ் ஷோரூம் விலை 2.36 கோடி ரூபாயிலிருந்து தொடங்கியது. முழுதாக இறக்குமதியான காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய குறைவு. அதே வருடம் செப்டம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே தயாராகும் என்று அப்போது அறிவித்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த வண்டிகளின் வேலையைக் கையால் கற்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

உங்கள் தேவைக்கு என் கருத்து: தாழும் சஸ்பென்ஷன், பின்சக்கரத் திருப்பம், தானே இழுத்து மூடும் கதவு மூன்றும் உள்ள ரகமாகப் பாருங்கள், தேவைப்பட்டால் வெளியே வரும் பக்கப் படி. மோட்டார் கதவு, டிக்கி மெத்தை, பெரிய வீல் மூன்றுக்கும் போகிற காசை மிச்சம் பிடித்து ஃபிலிமுக்கும் நீட்டித்த வாரண்டிக்கும் போடுங்கள். சாதாரண வீல்பேஸ் வண்டி கிடைத்தால் அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், 200 மி.மீ. குறைவு உங்கள் கேட்டுக்கு ஒத்துவரலாம்.

அடுத்தமுறை ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் வழக்கமாக வெளியே கட்டிப் போகிற சேலையோடும் செருப்போடும் வரட்டும். வண்டியைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, யாரும் கை கொடுக்காமல் இரண்டுமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல்முறை ஆர்வத்தில் ஏறிவிடுவார்கள். இரண்டாம்முறை முகத்தைப் பாருங்கள். சிரமம் தெரிந்தால் பக்கப் படி போட்ட வண்டியில் இன்னொருமுறை ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.